இருமல் நின்ற பிறகு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
12.5.2025

அன்புள்ள துர்கா அக்காவுக்கு, கலாவதி எழுதுவது.

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாளே, இவளுக்குப் பைத்தியமா என்று நினைப்பாய். போனில் நான் மூன்று வார்த்தை பேசுவதற்குள் இருமல் வந்துவிடுகிறது. உடனே நீ, "இன்னும் இருமிக்கினுதானே இருக்கிற" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். போன வாரம் மூன்று முறை அப்படித்தான் ஆனது. காகிதத்தில் எழுதினால் மூச்சு வாங்காது. உங்கள் மாகறலிலிருந்து தினம் இங்கே கீரை விற்க வருகிற பொன்னியம்மாளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவளிடமே கொடு.

விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். குழலியை இந்த வருஷம் இங்கே மூன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். என் மகளை என்னிடம் அனுப்பு அக்கா.

காசநோயில் அவர் போய், அதே நோய் எனக்கும் வந்து, நான் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தபோது குழலிக்கு ஐந்து வயது. நீதான் வந்து தூக்கிக்கொண்டு போனாய். அந்த நன்றியைச் சாகும்வரை மறக்க மாட்டேன். வாசலில் நின்று, "உனுக்கு இருமல் நின்னதும் இட்டுக்கினு வரேன்" என்று சொன்னாய். நானும் தலையாட்டினேன். ஆறு மாதம், ஒரு நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டேன். சிகிச்சை முடிந்தது என்று அட்டையில் எழுதிக் கொடுத்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு மூன்று முறை சளியைச் சோதித்தார்கள். கிருமி இல்லை. எல்லாவற்றின் நகலும் உன்னிடம் இருக்கிறது.

ஆனால் இருமல் நிற்கவில்லை. அது நிற்காது. போன மாதம் குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். படம் எடுத்தார்கள். டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நோவு போயிடுச்சும்மா. ஆனா போவறதுக்குள்ள நுரையீரல்ல பாதிக்கு மேல தழும்பாக்கிட்டுப் போயிருக்குது. மிச்சத்தை வச்சிக்கினு நீதான் பார்த்துப் பொழைக்கணும்." இந்த இருமல் யாருக்கும் ஒட்டாதாம். என்னை விட்டும் போகாதாம்.

இப்போது நான் குளிக்கப் போனால் நடுவில் ஒரு தரம் உட்கார்ந்து எழுந்துதான் குளிக்கிறேன். ஒரு குடம் தண்ணீரை இரண்டு நடையாகக் கொண்டு வருகிறேன். இருந்தாலும் தறியில் உட்காருகிறேன், சமைக்கிறேன், என் மகளுக்குத் தலை பின்னி விடுகிற அளவுக்குக் கையில் தெம்பு இருக்கிறது. நீ சொன்ன நாள் வரவே வராது என்று ஆன பிறகும் நான் எதற்காகக் காத்திருக்க வேண்டும், சொல்.

உன் தங்கை
கலாவதி


மாகறல்
15.5.2025

கலா,

கடிதம் கிடைத்தது. நீ எழுதுவதைப் படித்தால் என்னவோ நான் உன் பிள்ளையைத் திருடி வைத்திருப்பதுபோல் இருக்கிறது.

சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது. உன் வீட்டுக்காரரும் நீ சொல்வதையேதான் சொன்னார். "இன்னா பெரிய நோவு, வெறும் இருமல்தான்" என்று சொல்லிச் சொல்லி ஒன்பது மாதம் தறியில் உட்கார்ந்து இருமினார். கடைசியில் குமரகுரு எந்தக் கோலத்தில் போனார் என்பதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. அவர் இருமியபோது பக்கத்தில் இருந்த உனக்கு வந்தது. நீ இருமும்போது பக்கத்தில் யார் இருக்கப்போகிறார்கள்? எட்டு வயதுப் பெண்.

அட்டை, சளி, படம் எல்லாம் இருக்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. உன் மாமா, "திரும்ப ஒருவாட்டி அந்த ஆறு மாச மாத்திரையைத் துன்ன சொல்லு. இருமல் எப்படி நிக்கலன்னு பாக்கறேன்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

குழலி இங்கே நன்றாகத்தான் இருக்கிறாள். செய்யாற்றங்கரையில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நேற்று தூக்கத்தில் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பியா திருத்துவது? சும்மா இருந்துவிட்டேன்.

உனக்காக ஒன்று செய்கிறேன். இருபத்துமூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் வருகிறேன். மதியச் சாப்பாடு வரை உன் வீட்டில் உட்காருகிறேன். அதற்குள் என் காதில் இருமல் விழாவிட்டால், மறுபேச்சு இல்லாமல் குழலியை உன்னிடம் விடுகிறேன். விழுந்தால் இந்தப் பேச்சை இனி எடுக்காதே. உன் மாமாவிடம் சொல்ல எனக்கும் ஒரு பிடி வேண்டும்.

துர்காதேவி


பிள்ளையார்பாளையம்
17.5.2025

அக்காவுக்கு,

மாமா சொன்ன மாத்திரையைக் கேட்டு நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாவிடம், "எனக்கு அந்த மாத்திரையே திரும்பக் குடுங்கம்மா, எங்க அக்கா மனசு ஆறும்" என்று கெஞ்சினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கிருமி இருந்தா குடுப்பேன். தழும்புக்கு எதும்மா மாத்திரை?" என்றார். மூச்சுக்கு இழுக்கும் மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது, எனக்கு இன்னும் கிருமி இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அதற்காவது ஒரு முடிவு தேதி உண்டு. இப்படி நினைக்கும் அளவுக்கு வந்துவிட்டேன் அக்கா.

கூடப் பிறந்தவளைப் பரீட்சை வைத்துப் பார்ப்பது உனக்கே அழகாக இருக்கிறதா? இருந்தாலும் வா. நான் தோற்க மாட்டேன். வெள்ளிக்கிழமை எந்த பஸ்ஸுக்கு வருகிறாய் என்று மட்டும் பொன்னியம்மாளிடம் சொல்லி அனுப்பு.

கலாவதி


மாகறல்
24.5.2025

கலாவதி,

நேற்று நான் உன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தறிச் சத்தம் கேட்டது. சரி, கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு எழுந்து வருவாள் என்று நினைத்தேன். நீ எழவில்லை. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபடியே, உட்கார் என்று தாடையால் காட்டினாய். நான் யார், புடவை வாங்க வந்த வியாபாரியா? வியாபாரி வந்தால்கூட எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பாய்.

மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் பேசப் பேச நீ நாடாவை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டே இருந்தாய். பலகை அடிக்கிற சத்தத்தில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்றேன், தலையை ஆட்டினாய். சாப்பிட்டாயா என்றேன், அதற்கும் தலையை ஆட்டினாய். நான் கிளம்புகிறேன் என்று எழுந்தபோதாவது, வாயைத் திறந்து "போயிட்டு வா" என்று ஒரு வார்த்தை சொன்னாயா? உதட்டை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அரக்குப் புடவை, நல்ல கல்யாணப் புடவை. அதன்மேல் இருந்த கண்ணை என்மேல் திருப்ப உனக்கு மனசு வரவில்லை.

இருமல் என் காதில் விழவில்லை. ஒப்புக்கொள்கிறேன், நீ ஜெயித்துவிட்டாய். சந்தோஷமாக இரு.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். குழலியும் என்னோடு வந்திருந்தாள். உங்கள் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வாசலில் பொன்னியம்மாளோடு உட்கார வைத்துவிட்டு, நான் கூப்பிட்டால் ஓடி வா என்று சொல்லியிருந்தேன். பச்சைப் பாவாடை கட்டி, உனக்குக் கொடுக்க ஏதோ படம் வரைந்து மடித்துக் கையில் வைத்திருந்தாள். மூன்று மணி நேரம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்: "அம்மா வேணான்னு சொல்லிட்டாங்களா பெரிம்மா?" நான் ஒன்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

கூடப் பிறந்தவள் வந்தால் எழுந்திருக்க நேரமில்லாதவளுக்குப் பிள்ளை வளர்க்க எங்கிருந்து நேரம் வரும்? அவள் இங்கேயே படிக்கட்டும். மூன்றாம் வகுப்புக்குப் புத்தகம் வாங்கியாயிற்று.

துர்காதேவி


பிள்ளையார்பாளையம்
26.5.2025

அக்கா,

தயவு செய்து இதைக் கடைசி வரை படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நான் எழுந்திருக்காதது திமிரால் இல்லை. எழுந்தால் உனக்குக் கேட்டுவிடும். நாலடி நடந்து பானையில் தண்ணீர் மொண்டு உன் கையில் கொடுப்பதற்குள் எனக்கு இரைக்கும். இரைத்தால் இருமல் வரும். அதனால்தான் தறியை விடவில்லை. அவர் இருந்தபோது இரண்டு பேராக உட்கார்ந்து, கரைக்குத் தனி நாடா ஓட்டும் கோர்வைப் புடவை நெய்தோம். இப்போது ஒற்றை ஆளாக ஒற்றை நாடாப் புடவைதான் நெய்கிறேன். அதில் ஒரு வசதி, நடுவில் நிறுத்த வேண்டியதில்லை. சத்தம் விடாமல் கேட்கும். பலகையை அடிக்கும் நேரம் பார்த்து, வாயை மூடிக்கொண்டு, உள்ளுக்குள்ளேயே இருமினேன். ஒவ்வொரு அடிக்கும் ஒன்று. உனக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்றாயே, அத்தனையும் அந்தச் சத்தத்துக்குள்தான் இருந்தது.

முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை. வயிறு நிறைந்தால் மூச்சு முட்டும். வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டேன். மூச்சு மருந்தை இரண்டு தடவைக்கு நாலு தடவையாக இழுத்தேன். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவாய் என்று நினைத்தேன். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றி மதியம் வரை உட்கார்ந்தாய்.

பதினொரு மணிக்குமேல் மார்பில் ஏதோ அறுந்தது போல இருந்தது. வாயில் உப்புக் கரித்தது. விழுங்கினேன். மறுபடி வந்தது. ஒரு சொட்டு உதட்டோரம் வழிந்து புடவைமேல் விழுந்தது. அரக்கு நிறம், உனக்குத் தெரியவில்லை. நீ கிளம்புகிறேன் என்று எழுந்தபோது என் வாய் நிறைய ரத்தம் இருந்தது அக்கா. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பியதும் அதனால்தான்.

நீ தெருவில் இறங்கியதும் தறிக்குழிப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் வந்து தூக்கி உட்கார வைத்தாள். ரத்தம் பட்ட நாலு விரற்கடை நெசவையும் மறுநாள் பிரித்து எடுத்துவிட்டேன். யாரோ ஒரு பெண் தாலி கட்டிக்கொள்ளும் புடவை, அதில் அது இருக்கக் கூடாது.

பிள்ளையார் கோயில் என் வீட்டிலிருந்து தொண்ணூறு அடி இருக்குமா? என் தறிச் சத்தம் அங்கே வரை கேட்கும். மூன்று மணி நேரம் என் மகள் அதைக் கேட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். நான் அந்தத் தறியை ஒரு நிமிஷம் நிறுத்தி, ஒரே ஒரு தரம் இருமியிருந்தால் நீ அவளைக் கூப்பிட்டிருப்பாயோ மாட்டாயோ, ஆனால் நான் அவளை வேண்டாம் என்று சொன்னேன் என்ற பேச்சு வந்திருக்காது. இதை நினைத்தால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவளை அனுப்பு என்று இனி கேட்கவில்லை. நீ வைத்த பரீட்சையில் நான் காப்பியடித்தேன், தோற்றேன் என்றே வைத்துக்கொள். ஒன்றை மட்டும் செய். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை என்று அவளிடம் சொல்லிவிடு. அந்தப் படத்தைப் பொன்னியம்மாளிடம் கொடுத்தனுப்பு.

கலா


ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
3.6.2025

அக்காவுக்கு,

பள்ளிக்கூடம் நேற்று திறந்திருப்பார்கள்.

என் கடிதத்தை நீ வாங்கி, வாசலிலேயே நின்று படித்துவிட்டு உள்ளே போய்விட்டாய் என்று பொன்னியம்மாள் சொன்னாள். எட்டு நாள் ஆகிறது.

முந்தாநாள் காலையில் மறுபடி ரத்தம் வந்தது. இந்த முறை சொட்டு இல்லை. தில்லையம்மாள் மகன் ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தான். ஊசி போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். மூக்கில் குழாய் இருக்கிறது. பழைய தழும்புக்குள் இருக்கும் ரத்தக்குழாய் எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள்ளுமாம். சென்னைக்கு அனுப்பி, உள்ளே கம்பி விட்டு அடைக்க முடியுமா என்று பார்க்கச் சொல்கிறார்கள். அடைத்தாலும் மூச்சு திரும்பி வராதாம்.

எனக்கு பயமாக இருக்கிறது. சாவதற்கு இல்லை. நான் போய்விட்டால் குழலி அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பாள்? நீ பதில் சொல்லாமலே இருந்துவிட்டால்? சொல்லிவிட்டாயா அக்கா? ஒரு வரி போதும்.

கலா


மாகறல்
6.6.2025

என் கண்ணு கலா,

சொல்லிவிட்டேன். முதலில் அதை எழுதுகிறேன், நீ மூச்சை விட்டுக்கொள். உன் கடிதத்தையே படித்துக் காட்டினேன், ரத்தம் வந்ததை மட்டும் விட்டுவிட்டு.

ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். நீ என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

உன் இருமல் ஒட்டாது என்பது எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். நீ அட்டை அனுப்பிய மாதமே குழலியைச் சோதனைக்குக் கூட்டிப் போனேன். அங்கே நர்ஸ் லில்லி, "மருந்தை முழுசா முடிச்சி கிருமி இல்லைன்னு வந்துட்டா பயமே இல்லக்கா, புள்ளைய அம்மாகிட்ட வுட்டுடுங்க" என்று சொன்னாள். அதை நான் உன் மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. அவர் ஏதோ தெரியாமல் பேசுகிறார். நான் தெரிந்தே பேசினேன்.

எனக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். இந்த வீட்டில் இரண்டு தட்டுதான் கழுவி வைத்தேன். குழலி வந்து மூன்றாவது தட்டு வந்தது. அவள் தலையைப் பின்னி, நகத்தை வெட்டி, ஜுரத்தில் மடியில் போட்டு, என்னால் விட முடியவில்லை. நீ இருமிக்கொண்டே இருந்தால்தான் அவள் இங்கே இருப்பாள். நோய் தீரவேண்டும் என்று ஊரெல்லாம் வந்து நிற்கிற எங்கள் மாகறலீசர் சன்னதியில் நின்று, உன் இருமல் நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன் கலா. ஒரு நாள் இல்லை. திங்கட்கிழமை தோறும்.

அந்தப் பரீட்சையும் அதற்காகத்தான். அரை நாள் உன்னால் இருமாமல் இருக்க முடியாது என்று தெரிந்துதான் வைத்தேன். குழலி உன்னைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாள். நீ இரும ஆரம்பித்ததும் அவளைக் கூப்பிடலாம், அம்மா இருமுவதை அவளே காதால் கேட்டுவிட்டுத் திரும்பட்டும், பிறகு கேட்க மாட்டாள் என்று கூட்டி வந்தேன். நீ இருமவில்லை. நீ எழுந்திருக்காதது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த சாக்கு. அதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். உன் வாயில் ரத்தத்தை வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய், மூன்றடி தூரத்தில் நான் உட்கார்ந்து குற்றம் தேடிக்கொண்டிருந்தேன். என் சதை ஆடவில்லையே.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் குழலியைக் கூட்டி வருகிறேன். மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இன்று அவரே அவள் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தார். அவளுக்குத்தான் ஒரு கவலை. மூன்று வருஷத்தில் வீடு எது என்று மறந்துவிட்டதாம். தெருக்கோடியிலிருந்து தானே ஓடிப் போக வேண்டும், நான் கையைப் பிடிக்கக் கூடாதாம். தறிச் சத்தம் கேட்கிற வீடு என்று சொன்னேன். "போ பெரிம்மா, அந்தத் தெருவுல எல்லா வூட்லயும் தறிதான் ஓடுது" என்கிறாள்.

நீ என்னை மன்னிக்க வேண்டாம். வீட்டில் இரு, அது போதும்.

துர்கா


பிள்ளையார்பாளையம்
12.6.2025

அக்காவுக்கு,

நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சென்னைக்குப் போக அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை தறியில் உட்காரக் கூடாது, கனம் தூக்கக் கூடாது.

உன் கடிதத்தைப் படித்தேன். மன்னித்தேன் என்று எழுதப் பேனாவை எடுத்தால் கை வரவில்லை. என் மகளுடைய இரண்டு வருஷம் அக்கா. அவள் முன்பல் விழுந்து முளைத்ததை நான் பார்க்கவில்லை. எனக்கு மூச்சு மட்டும் இருந்திருந்தால் மாகறலுக்கே வந்து, உன் வாசலில் நின்று, ஊர் கூடும்படி கத்தியிருப்பேன். கத்துவதற்கும் எனக்குத் துப்பில்லாமல் போய்விட்டது.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நீ அவளை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடாதே. எனக்கு மறுபடி ரத்தம் வரலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வந்தால் அவள் பயந்துவிடுவாள். தில்லையம்மாளைக் கூப்பிட வேண்டும், என்னை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பதையெல்லாம் அவளுக்குப் பதமாகச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். நான் சென்னையில் இருக்கும்போது அவளோடு இருக்க ஆள் வேண்டும். பிறகு ஒருவேளை எப்போதுமே இருக்க ஆள் வேண்டும். உன்மேல் இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். உன்னை விட்டால் எனக்கு வேறு பெயர் வரவில்லை. மூன்றாவது தட்டையும் எடுத்துக்கொண்டு வா. இங்கே இருக்கட்டும்.

அவள் வரைந்த படத்தைப் பொன்னியம்மாள் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வீடு, வாசலில் ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு வாய் வரையவில்லை. மறந்துவிட்டாளோ, தெரியவில்லை. வந்ததும் கேட்க வேண்டும்.

வீடு மறந்துவிட்டது என்று அவள் கவலைப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மற்ற வீடுகளில் தறி ஓடும், நம் வீட்டில் ஓடாது. வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருப்பேன். எழுந்து ஓடி வந்து கட்டிக்கொள்ள என்னால் முடியாது, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வை. இனி வாயை மூடி அடக்கவும் போவதில்லை. எந்த வீட்டில் இருமல் கேட்கிறதோ அதுதான் அம்மா வீடு, அங்கே ஓடிவா என்று அவளிடம் சொல்.

கலா